மின்கம்பிக் காப்புறையை எங்கே எரித்துப் பார்ப்பது? தரை, கோபுரம், விமானம், சுற்றுப்பாதை

பிளாஸ்டிக் உறை போட்ட மின்கம்பி தரையில் பற்றிக்கொண்டால், உருகிய உறை சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். ஒவ்வொரு சொட்டும் எரிபொருளையும் வெப்பத்தையும் சுடரிடமிருந்து பறித்துக்கொண்டு போகிறது. சில நேரம் அதனாலேயே தீ அணைந்துவிடும். சில நேரம் சொட்டு விழுந்த இடத்தில் புதிய தீ கிளம்பும். எடையற்ற நிலையில் சொட்டு விழுவதற்குக் கீழ்ப்பக்கம் என்ற ஒன்றே இல்லை. உருகிய உறை கம்பியைச் சுற்றி மணிபோலத் திரண்டு நிற்கிறது. சுடர் அந்த மணியைப் போர்த்திக்கொண்டு கம்பி வழியே ஊர்கிறது. மணிக்குள் குமிழிகள் கொதித்து உடையும்போது எரியும் ஆவி இங்குமங்கும் பீறிட்டுத் தெறிக்கிறது. அணைவதற்கான ஒரு வழி அடைபட்டுப்போகிறது. எரிபொருள் கைவிட்டுப் போகாமல் சுடரின் மடியிலேயே கிடக்கிறது.

மனிதர்கள் பயணம் செய்யும் விண்கலத்தின் அறைக்குள் ஒரு புதிய மின்கம்பியை அனுமதிக்கலாமா என்று ஒரு குழு முடிவெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கம்பியை எங்காவது எரித்துப் பார்த்தாக வேண்டும். தரையில் பார்க்கலாம், பெட்டியைக் கீழே விழவிட்டு எடையின்மை பெறும் விழுகோபுரத்தில் சில நொடிகள் பார்க்கலாம், பரவளையப் பாதையில் பாயும் விமானத்தில் இருபது நொடிகளுக்குச் சற்று மேல் பார்க்கலாம், சுற்றுப்பாதையில் பல நிமிடங்கள் பார்க்கலாம். செலவும் காத்திருப்பும் இதே வரிசையில் ஏறிக்கொண்டே போகின்றன. அதனால் பலரும் இதை ஏணி என்று நினைக்கிறார்கள்: மேலே ஏற ஏற உண்மை கூடும், பணம் இருக்கும் வரை ஏறலாம் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த நான்கும் ஒரே கேள்விக்கான நான்கு தரப் பதில்கள் அல்ல. கம்பி பற்றுமா, பற்றினால் எவ்வளவு வேகமாகப் பரவும், எந்த ஆக்சிஜன் அளவுக்குக் கீழே தானாக அணையும் என்பவை மூன்று வெவ்வேறு கேள்விகள். கேள்வி எது என்று முடிவு செய்யாமல் இடத்தை முடிவு செய்வதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு.

தரைச் சோதனையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 கலத்துக்குள் தரையிலேயே தீப்பிடித்து மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். கலத்துக்குள் அப்போது வளிமண்டல அழுத்தத்தையும் சற்று மிஞ்சிய தூய ஆக்சிஜன் இருந்தது. தொடங்கிவைத்த பொறி எது என்று உறுதிப்படவில்லை என்றாலும் மின்கம்பிகள்மீதுதான் சந்தேகம் விழுந்தது. அதற்குப் பிறகு பொருள்களை எரித்துச் சோதிக்கும் விதிகள் கடுமையாயின. இன்று நாசாவின் 6001 தரநிலை சொல்லும் முறை எளிமையானது. மாதிரியைக் கீழ்முனையில் பற்றவைக்கிறார்கள். சுடர் மேல்நோக்கி ஏறுகிறது. 15 சென்டிமீட்டரைத் தாண்டுவதற்குள் அணைந்துவிட வேண்டும். மின்கம்பிக்கென்று தனிச் சோதனையும் உண்டு; அதில் கம்பிக்குள் மின்னோட்டம் செலுத்தி முன்கூட்டியே சூடாக்கிவிட்டுப் பற்றவைக்கிறார்கள்.

இந்த முறைக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: தரையில் மேல்நோக்கி ஏறும் தீயைவிட மோசமான தீ எங்கும் இருக்க முடியாது என்பது. வேகத்தைப் பொறுத்தவரை இது சரிதான். சூடான வளிமம் மேலெழுந்து, இன்னும் எரியாத பகுதியைத் தழுவிக்கொண்டே செல்வதால் தீ தாவித்தாவி ஏறுகிறது. எடையற்ற அறையில் மெதுவான காற்றோட்டத்தில் ஊரும் தீ அந்த வேகத்தை எட்டுவதில்லை. ஆனால் அணையும் எல்லையை எடுத்துக்கொண்டால் இந்த நம்பிக்கை தடுமாறுகிறது. தரையில் ஒரு சிறிய சுடர்கூடத் தன்னைச் சுற்றி நொடிக்குப் பல பத்து சென்டிமீட்டர் வேகத்தில் காற்றை இழுத்துவிடுகிறது. ஆக்சிஜன் குறைவான சூழலில் இந்தக் காற்றே சுடரைக் குளிர்வித்து, எரிதல் வினை முடியும் முன்பே எரிபொருள் ஆவியை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. விளக்கை ஊதி அணைப்பது போன்ற அணைவு அது. எடையற்ற நிலையில் வெப்பச்சலனம், அதாவது சூடான வளிமம் மேலெழும் ஓட்டம், இல்லை. காற்றாடி தள்ளும் காற்று மட்டுமே உண்டு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் அது ஏறத்தாழ நொடிக்கு 5 முதல் 20 சென்டிமீட்டர். ஊதி அணைக்கப் போதாத வேகம். ஆனால் ஆக்சிஜனைத் தொடர்ந்து கொண்டுவந்து தரப் போதுமான வேகம். பல மெல்லிய பொருள்கள் இந்த மிதமான ஓட்டத்தில், தரையில் அணைந்துவிடும் அளவைவிடக் குறைந்த ஆக்சிஜனிலும் எரிகின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. காற்றோட்டத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால் சுடருக்கு வந்து சேரும் ஆக்சிஜன் குறையும், அதனால் பிறக்கும் வெப்பமும் குறையும். கதிர்வீச்சாக வெளியேறும் வெப்ப இழப்பு அதே விகிதத்தில் குறையாது. ஒரு கட்டத்தில் வரவைச் செலவு மிஞ்சிவிடும். சுடர் குளிர்ந்து அணைந்துவிடும். ரஷ்யாவின் மிர் நிலையத்தில் 1990களில் நடந்த ஸ்கோரோஸ்த் சோதனைகளில், நொடிக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஓட்டத்தில் பிளாஸ்டிக் தண்டுகளின் சுடர் அணைவதைக் கண்டார்கள். விண்வெளி நிலையத்தில் தீ என்றதும் காற்றாடிகளை நிறுத்துவது இதனால்தான். ஆக, ஓட்டம் அதிகமானாலும் அணையும், மிகக் குறைந்தாலும் அணையும். இடைப்பட்ட வேகத்தில்தான் தீக்கு வாழ்வு. மனிதர்கள் மூச்சுவிடுவதற்கு அறைக்குள் நாம் ஓடவிடும் காற்றும் அதே இடைப்பட்ட வேகத்தில்தான் ஓடுகிறது.

தரையிலேயே வெப்பச்சலனத்தை ஏமாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அழுத்தத்தைக் குறைப்பது. காற்று அடர்த்தி குறைந்தால் மிதப்பு விசையும் தளர்கிறது. ஆனால் அழுத்தம் குறையும்போது எரிதல் வினையும் கதிர்வீச்சும் சேர்ந்தே மாறுகின்றன. ஒன்றைத் திருத்தப் போய் இரண்டைக் கெடுத்த கதை. மற்றொன்று, சில மில்லிமீட்டர் உயரமே உள்ள குறுகிய கால்வாய்க்குள் மாதிரியை வைத்துச் சூடான வளிமம் எழும்ப இடமில்லாமல் செய்வது. தாள், துணி போன்ற தட்டையான பொருள்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. உருண்டையான கம்பிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கம்பியைச் சுற்றிலும் சமமாகப் பரவ வேண்டிய சுடரை மேலும் கீழும் சுவர்கள் நசுக்குகின்றன. வெப்பமும் அந்தச் சுவர்களுக்குப் போய்விடுகிறது.

அடுத்தது விழுகோபுரம். ஜெர்மனியின் பிரெமன் நகரில் இருக்கும் கோபுரத்தில் காற்றை உறிஞ்சியெடுத்த குழாய்க்குள் பெட்டி ஏறத்தாழ 110 மீட்டர் விழுகிறது: 4.74 நொடி எடையின்மை. கீழிருந்து மேலே எறிந்து மறுபடி விழவிட்டால் 9 நொடிக்கு மேல் கிடைக்கிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் உள்ள நாசா கூடத்தில் 132 மீட்டர் வீழ்ச்சி, 5.18 நொடி. ஜப்பானின் ஹொக்காய்தோ தீவில் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் செங்குத்துக் குழியையே விழுகோபுரமாக்கி 490 மீட்டர் விழவிட்டு 10 நொடி வரை எடுத்தார்கள்; அது 2003இல் மூடப்பட்டது. மின்கம்பித் தீ பற்றிய ஜப்பானியர்களின் அறிவில் கணிசமான பங்கு அந்தக் குழிக்குள்தான் விளைந்தது.

கோபுரத்தின் பெரிய சிறப்பு தூய்மை. எஞ்சியிருக்கும் ஈர்ப்பு, தரை ஈர்ப்பில் லட்சத்தில் ஒரு பங்கு அளவோ அதற்கும் குறைவோ. குறை, நேரம். பாலிஎத்திலீன் உறை போட்ட மெல்லிய கம்பியில் சுடர் பரவும் வேகம் நொடிக்கு ஒன்று முதல் சில மில்லிமீட்டர் வரை. ஐந்து நொடியில் அது ஒரு விரற்கடை தூரம்கூடப் போவதில்லை. அதிலும் பற்றவைக்கும் சூடு தணிவதற்கே முதல் ஒன்றிரண்டு நொடிகள் போய்விடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் உள்ளே ஓடும் உலோகம். தாமிரத்தில் வெப்பம் விரவும் திறன் ஏறத்தாழ நொடிக்கு 1.1 சதுர சென்டிமீட்டர். நிக்கல்-குரோமியம் கலவைக் கம்பியில் அது இதில் முப்பதில் ஒரு பங்கு அளவுதான். சுடர் தன் வெப்பத்தை உலோகத்துக்குக் கொடுக்கிறது. உலோகம் அதைச் சுடருக்கு முன்னால் எடுத்துச்சென்று, எரியாத உறையை உள்ளிருந்தே சூடாக்குகிறது. சுடர் நொடிக்கு 2 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், தாமிரத்தில் இந்த முன்சூடு நிலைப்படுவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று வெறும் உலோகத்தை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன்: 25 நொடிக்கு மேல். உறைக்குப் போகும் வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டால் இது குறையும் என்றாலும், ஐந்து நொடிக்குள் நிச்சயமாக அடங்காது. நிக்கல்-குரோமியத்துக்கோ ஒரு நொடி போதும். ஆய்வுக்கூடங்கள் நிக்கல்-குரோமியக் கம்பியை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். விண்கலத்தில் மின்சாரம் கொண்டுசெல்வதோ தாமிரம். கோபுரத்தில் அளந்த பரவல் வேகத்தைத் தாமிரக் கம்பிக்கு யாராவது காட்டினால், அது நிலைபெற்ற வேகமா, இன்னும் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும் வேகமா என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

அப்படியானால் கோபுரம் எதற்கு? பற்றுமா என்ற கேள்விக்கு. மின்சுற்றில் திடீரென்று பெரும் மின்னோட்டம் பாய்ந்து கம்பி சில நொடிகளில் கொதித்துப்போகும் நிகழ்வைக் கோபுரத்துக்குள் முழுமையாக நடத்திப் பார்க்கலாம். இதில் கிடைத்த முடிவு அச்சமூட்டுவது. தரையில் சூடான உறையிலிருந்து எழும் ஆவி உடனே மேலே போய்க் கலைந்துவிடும். கம்பியையும் காற்று தடவிக் குளிர்விக்கும். எடையற்ற நிலையில் ஆவி கம்பியைச் சுற்றி மேகமாகத் தங்கிச் செறிகிறது. தரையில் பற்றாத மின்னோட்டத்திலும், தரையில் போதாத ஆக்சிஜனிலும் அங்கே பற்றிக்கொள்கிறது. இதை ஹொக்காய்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரிசையாகக் காட்டியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பெரும் மின்னோட்டம் பாய்ந்தால் சுற்றுத் துண்டிப்பான் தன் வேலையைச் செய்துவிடும். எனக்குக் கவலை தருவது அதன் கண்ணில் படாமல், அளவுக்குச் சற்றே மிஞ்சி நீண்ட நேரம் ஓடும் மின்னோட்டம். கம்பி பல பத்து நொடிகள் மெல்லமெல்லச் சூடேறிப் பற்றும் அந்த நிகழ்வுக்குக் கோபுரத்தில் இடமில்லை.

அங்கேதான் விமானம் வருகிறது. பிரான்ஸின் போர்தோ நகரிலிருந்து பறக்கும் ஏர்பஸ் ஏ310 ஒவ்வொரு பயணத்திலும் 31 பரவளையங்கள் வரைகிறது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 22 நொடி எடையின்மை. வழக்கமான ஒரு தொடரில் மூன்று பயணங்கள். தொண்ணூறுக்கு மேற்பட்ட வாய்ப்புகள் ஒரே வாரத்தில் கிடைக்கின்றன. பிரெமனில் ஒரு நாளைக்குச் சில வீழ்ச்சிகள்தான். ஆய்வாளரே கருவிக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டு, ஒரு மாதிரி பற்றவில்லை என்றால் அடுத்த பரவளையத்துக்குள் அமைப்பை மாற்றிவிடலாம். இந்த வசதியை அனுபவிக்காதவர்களுக்கு அதன் மதிப்பு புரியாது. பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகக் குழுவினர் டயமண்ட்ஸ் என்ற தங்கள் கருவியை இதில் ஏற்றி, பாலிஎத்திலீன் உறைக் கம்பிகளில் எதிர்க்காற்றில் பரவும் சுடரை ஆண்டுக்கணக்காக அளந்துவந்திருக்கிறார்கள். சுடர் பரவும் வேகம் மட்டுமல்ல, புகைக்கரி எவ்வளவு, அது எவ்வளவு கதிர்வீசுகிறது என்பது வரை.

விமானத்தின் குறை அதிர்வு. ஈர்ப்பு முழுதாகப் போவதில்லை. தரை ஈர்ப்பில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கிறது. நூற்றில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் சூடான வளிமம் எழும் வேகம் ஈர்ப்பின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறைகிறது. நூறில் ஒன்றாக ஈர்ப்பு குறைந்தால் வேகம் பத்தில் ஒன்றாகத்தான் குறையும். தரையில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் எழும் ஓட்டம் விமானத்தில் 5 சென்டிமீட்டராக எஞ்சும், அதுவும் திசை மாறிமாறி. நீங்கள் நொடிக்கு 15 அல்லது 20 சென்டிமீட்டர் காற்றை வலிந்து ஓடவிட்டுச் சோதிக்கிறீர்கள் என்றால் இந்தச் சலசலப்பு அமுங்கிவிடும். சுடர் ஆக்சிஜன் பற்றாமல் மெல்ல அணையும் அந்த மிக மெதுவான ஓட்டங்களைப் பார்க்க வேண்டும் என்றால் விமானம் உங்களை ஏமாற்றும்; அணைந்திருக்க வேண்டிய சுடருக்கு அதிர்வே ஊதி உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இடையில் ஆய்வு ராக்கெட்டுகளும் இருக்கின்றன. ஸ்வீடனின் கிரூனாவுக்கு அருகிலிருந்து ஏவப்படும் டெக்ஸஸ் ராக்கெட் ஆறு நிமிடத் தூய எடையின்மை தரும். ஆனால் ஒரு முறை எரித்தால் முடிந்தது. மின்கம்பிக்கோ ஒவ்வோர் ஆக்சிஜன் அளவிலும் ஒவ்வொரு காற்று வேகத்திலும் மறுபடி மறுபடி எரிக்க வேண்டியிருக்கிறது. இதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

கடைசியாகச் சுற்றுப்பாதை. 1992இல் கொலம்பியா விண்ணோடத்தின் எஸ்டிஎஸ்-50 பயணத்தில், கையுறைப் பெட்டிக்குள் பாலிஎத்திலீன் உறைக் கம்பிகளை எரித்துப் பார்த்தார்கள். மெதுவான காற்றோட்டத்தில், ஓட்டத்தின் திசையிலும் எதிர்த்திசையிலும் சுடர் பரவியது. நீடித்த எடையின்மையில் மின்கம்பித் தீயைக் கண்ணால் பார்த்த முன்னோடிச் சோதனை அது. இப்போது அந்த இடத்தைப் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உள்ள ஜப்பானின் கிபோ ஆய்வுக்கூடம் பிடித்திருக்கிறது. அங்கே 2022இல் சோதனைகளைத் தொடங்கிய ஃபிளேர் திட்டத்தில், திண்மப் பொருள்கள் எரிவதை நிமிடக்கணக்கில் பார்க்கக்கூடிய கருவி இயங்குகிறது. அதன் நோக்கம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு பொருளையும் விண்வெளிக்குக் கொண்டுபோய் எரிப்பது நடக்காத காரியம். எனவே தரையில் அளந்த ஆக்சிஜன் எல்லையிலிருந்து எடையற்ற நிலையின் எல்லையைக் கணித்துச் சொல்லும் ஒரு முறையை உருவாக்கி, சுற்றுப்பாதையில் சில மாதிரிகளை மட்டும் எரித்து அந்தக் கணிப்பைச் சரிபார்ப்பது. இது நன்றாக நிறைவேறினால் பெரும்பாலான குழுக்கள் சுற்றுப்பாதைக்குப் போகவே தேவையிருக்காது.

சுற்றுப்பாதையின் குறைகளைப் பலர் பணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெரிய குறை, அங்கே எதை எரிக்க அனுமதிப்பார்கள் என்பது. ஆறேழு பேர் மூச்சுவிடும் காற்றுக்குப் பக்கத்தில் எரிக்கிறீர்கள். பாலிஎத்திலீன் எரிந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும் கரியும். டெஃப்லான் சிதைந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு முதலிய நச்சு வளிமங்கள். உண்மையான விண்கலக் கம்பிகளில் இருப்பதோ டெஃப்லானும் அதன் உறவினர்களும் காப்டன் எனப்படும் பாலிஇமைடும்தான். வெறும் பாலிஎத்திலீனை யாரும் கலத்தில் போடுவதில்லை. ஆகவே மிகத் தெளிவான எடையின்மையில் நாம் எரித்துப் பார்ப்பது பெரும்பாலும் நாம் பயன்படுத்தாத பொருளை.

இந்த இடைவெளி இன்று வரை அவ்வளவாக உறுத்தவில்லை, ஏனென்றால் சாதாரணக் காற்றில் டெஃப்லான் எரிவதே இல்லை. அது தொடர்ந்து எரிய ஆக்சிஜன் 95 சதவீதத்தை நெருங்க வேண்டும். காப்டனுக்கு ஏறத்தாழ 37 சதவீதம், டெஃப்லானின் உறவினரான, எடை குறைவான ஈடிஎஃப்இ உறைக்கு 30க்குச் சற்று மேல். நிலையத்தின் 21 சதவீத ஆக்சிஜனில் இவை எல்லாமே தேறிவிடும். நிலவுப் பயணங்களுக்கு முன்வைக்கப்படும் அறைக் காற்றோ 34 சதவீத ஆக்சிஜன், 56.5 கிலோபாஸ்கல் அழுத்தம். விண்வெளி நடைக்கு முன் நைட்ரஜனை உடலிலிருந்து வெளியேற்றும் நேரத்தைக் குறைப்பதற்கான ஏற்பாடு அது. மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் சுடர் வீணாகச் சூடாக்க வேண்டிய நைட்ரஜன் பாதியாகிவிடுகிறது. தரையில் 37 சதவீதம் என்று பெயரெடுத்த உறை, மிதமான காற்றோட்டத்தில், எடையற்ற நிலையில் 34 சதவீதத்திலும் தாங்குமா என்பது இனிமேல் ஏட்டுக் கேள்வி அல்ல. எல்லை மூன்று சதவீதப் புள்ளிகள் நகர்ந்தால் போதும்.

டெஃப்லானே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைப்பவர்கள் அப்பல்லோ 13ஐ நினைவில் கொள்ள வேண்டும். 1970இல் அதன் ஆக்சிஜன் தொட்டிக்குள் சேதமடைந்த டெஃப்லான் உறைதான் பற்றிக்கொண்டது. உயர் அழுத்தத் தூய ஆக்சிஜனில் அதுவும் எரியும். மேலும் டெஃப்லான் மென்மையானது. கூரான விளிம்பு அழுத்திக்கொண்டே இருந்தால் ஆண்டுக்கணக்கில் விலகி வழிவிட்டுவிடும். காப்டன் உறுதியானது, மெல்லியது, எடை குறைந்தது. ஆனால் பொறி பாய்ந்து கரியானால் அந்தக் கரியே மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, பொறி கம்பி வழியே ஓடும். 1999 ஜூலையில் கொலம்பியா கிளம்பிய ஐந்தாவது நொடியில் மின்குறுக்கம் ஏற்பட்டு முதன்மை எஞ்சின்களின் இரண்டு கட்டுப்பாட்டுக் கணினிகள் நின்றுபோயின. காரணம், ஒரு திருகின் தலையில் உரசித் தேய்ந்த கம்பி. எரியாத உறை என்பது உரசாத உறை அல்ல.

முடிவுக்கு வருகிறேன். அறையின் ஆக்சிஜன் 24 சதவீதத்துக்குள் இருந்து, உறை எரியத் தரையில் தேவைப்படும் ஆக்சிஜன் எல்லை அதைவிட வெகு தூரத்தில் இருந்தால் தரைச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சப் பணத்தைக் கம்பிகள் உரசாமல் பதிப்பதில் செலவிடலாம். இடைவெளி சில சதவீதப் புள்ளிகள் மட்டுமே என்றால் தரை முடிவை ஏற்கக் கூடாது. அப்போது முதலில் போக வேண்டியது கோபுரத்துக்கு அல்ல, விமானத்துக்கு. நிலையத்தின் காற்றோட்டத்தை ஒத்த வேகத்தில் சுடர் தங்குமா என்பதை அதன் தொண்ணூறு வாய்ப்புகள் வேறெதையும்விட மலிவாகச் சொல்லிவிடும். கோபுரத்தைத் திடீர் மின்னோட்டச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சுற்றுப்பாதையை இரண்டு நிலைகளில்தான் கேட்பேன்: காற்றாடி நின்றபின் தீ எவ்வளவு நேரத்தில் அணையும் என்று தெரிய வேண்டும்போதும், தாமிர உள்கம்பியின் முன்சூடு முழுதாக நிலைபெற்ற வேகம் வேண்டும்போதும்.

அங்கே இடம் கிடைத்தால் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும் கம்பியையே எரிக்கச் சொல்வேன். காற்றாடியை நிறுத்தினால் தீ அணையும் என்ற நம்பிக்கை, கம்பி தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு தூரம் நிற்கும் என்பதைப் பார்க்க வேண்டும். மின்சாரத்தை முதலில் துண்டிப்பதா, காற்றாடியை முதலில் நிறுத்துவதா, இரண்டுக்கும் இடையில் எத்தனை நொடி தாமதம் தாங்கும் என்ற எண்கள் கிடைக்க வேறு இடம் இல்லை.